இருதயத்துக்கு எது டானிக்?

1948-ம் வருஷம் மார்ச்சு மாதம் 5-ந் தேதி. மகாத்மா காந்தி சுடப்பட்டு உயிர் நீத்து அன்றோடு சரியாக ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. தேசம் இன்னும் துக்கத்திலிருந்து மீளவில்லை. அந்தத் துக்கத்தோடு ராஜ்ய பாரமும் சேர்ந்து அழுத்திக்கொண்டிருந்த வேளையில், உபப் பிரதம மந்திரி ஸர்தார் வல்லபாய் படேலை மாரடைப்பு தாக்கிற்று. அவருக்கு அப்போது வயது 72.

சுதேச சமஸ்தானங்களை இந்திய யூனியனோடு இணைக்கும் வேலை பாக்கியிருந்தது. ஹைதராபாத் விவகாரமோ தீராத தலைவலியாக இருந்தது. இந்த நிலையில் ஸர்தார் இனி என்ன செய்ய முடியும் என்று கலங்கியவர்கள் பலர். டாக்டர்கள் ஓய்வு வேண்டும் என்றார்கள். ஸர்தார் டேராடூனுக்குப் போய்ச் சில காலம் தங்கினார். குமாரி மணிபென் நிழல்போல அருகிலிருந்து கவனித்துக்கொண்டார். காகிதக் கட்டுகள் அங்கேயும் அவரைத் தேடி வந்தன. ஆறு மாதம் கழிந்து, 1948 செப்டம்பர் 17-ந் தேதியன்று ஹைதராபாத் சேனை சரணடைந்தபோது, அந்தக் காரியத்தை நடத்தி முடித்தவர் மாரடைப்பு கண்டு எழுந்த இதே மனிதர்தான். 1950 ஜனவரி 26-ந் தேதி பாரதம் குடியரசு ஆனதையும் அவர் கண்ணாரக் கண்டார். அவ்வருஷம் டிசம்பர் 15-ந் தேதி அதே இருதய நோயினாலேயே காலமானார் என்பது உண்மை. ஆயினும் முதல் மாரடைப்புக்குப் பிறகு அவர் வாழ்ந்த இரண்டு வருஷம் ஒன்பது மாத காலத்தை இந்திய சரித்திரத்திலிருந்து நீக்கிப் பார்த்தால் எவ்வளவு பெரிய பள்ளம் விழும்!

நம்மில் யாரும் சமஸ்தானங்களை இணைக்க வேண்டியதில்லை. ஆனால் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். பையனைப் படிக்க வைக்க வேண்டும். வயதான தாயாரைக் காப்பாற்ற வேண்டும். மாரடைப்பு வந்து பிழைத்த மனிதனுக்கு அவனுடைய குடும்பமே ஒரு ராஜ்யம். ஆகவே, பிழைத்த பிறகு எழுந்து நடமாடுவது எப்படி என்ற கேள்வி எல்லா வீடுகளுக்கும் பொதுவானது.

பயமும் அன்பும்

எந்த ஊரிலும் காணக்கூடிய ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தலைவருக்கு ஐம்பத்தைந்து வயது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து நாலு நாள் ஆகிறது. மாடி அறையிலிருந்த அவருடைய கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அவர் எழுந்து ஒரு தம்ளர் ஜலம் எடுக்கப் போனால், "ஐயோ, நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்?" என்று மனைவி ஓடி வருகிறாள். குழந்தைகள் உரக்கப் பேசுவதில்லை. பார்க்க வருகிறவர்கள் தத்தம் உறவினரில் யார் யார் எப்படி மாரடைப்பில் போனார்கள் என்பதை விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, "நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று முடிக்கிறார்கள்.

ஜன்னல் ஓரத்திலோ நாளுக்கு நாள் புட்டிகள் பெருகுகின்றன. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துகள் ஒரு மூலையில். மற்ற இடமெல்லாம் மைத்துனர் அனுப்பிய மீன் எண்ணெய் மாத்திரை, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அனுப்பிய வைட்டமின், அடுத்த வீட்டுக்காரர் சிபாரிசு செய்த பூண்டு மாத்திரை, யாரோ கொடுத்த லேகியம்.

பயத்தினால் படுக்கை, அன்பினால் புட்டி. இரண்டிலும் கெட்ட எண்ணம் எள்ளளவும் இல்லை. ஆனால் கடந்த எழுபது வருஷ வைத்திய ஆராய்ச்சியின் முடிவு இந்த இரண்டுக்கும் நேர் விரோதமானது. அவரைப் படுக்கையிலிருந்து எழுப்புங்கள். புட்டிகளைச் சந்தேகியுங்கள் என்பதே அந்த முடிவு. இது எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

உள்ளே நடப்பது என்ன?

இருதயம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புகிறது. ஆனால் அதற்கு வேண்டிய ஆகாரம் அதன் மேற்புறத்தில் ஓடும் சில மெல்லிய ரத்தக் குழாய்களின் வழியாகத்தான் கிடைக்கிறது. அந்தக் குழாய்களின் உட்சுவரில் பல வருஷங்களாகக் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. அடைபட்ட குழாயை நம்பியிருந்த தசைப் பகுதி ஆகாரமின்றி மடியத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு. மடிந்த தசை மறுபடி முளைப்பதில்லை. அந்த இடத்தில் தழும்பு ஏற்படுகிறது. மிச்சமுள்ள தசைதான் முழு வேலையையும் சுமக்க வேண்டும்.

இந்தத் தழும்பு உறுதிப்படச் சுமார் ஆறு வாரம் பிடிக்கிறது. அந்த ஆறு வாரமும் நோயாளி அசையக் கூடாது, அசைந்தால் இளம் தழும்பு கிழிந்துவிடும் என்று ஒரு காலத்தில் டாக்டர்கள் பயந்தார்கள். பயத்திலிருந்து ஒரு சாஸ்திரமே பிறந்தது. நோயாளிக்கு மற்றவர்கள் ஊட்டிவிட வேண்டும். மற்றவர்களே முகம் கழுவிவிட வேண்டும். புரண்டு படுப்பதற்கும் உதவி வேண்டும். 1912-ல் அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் இந்நோயின் லட்சணங்களைத் தெளிவாக விவரித்த பிறகு சுமார் நாற்பது வருஷம் இதுதான் உலகெங்கும் சிகிச்சை முறையாக இருந்தது.

இத்தனைக்கும் மாறான ஒரு சாட்சி வெகு காலம் முன்பே பதிவாகியிருந்தது. லண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் பதினெட்டாம் நூற்றாண்டில் நெஞ்சு வலியைப் பற்றி முதன்முதலாக விளக்கமாக எழுதியவர். நடக்கும்போது நெஞ்சைப் பிசைவதுபோல் வலி கண்ட நோயாளிகள் பலரை அவர் பார்த்தார். அவர்களில் ஒருவர் தினந்தோறும் அரை மணி நேரம் மரம் அறுப்பதென்று விரதம் பூண்டு, அநேகமாகக் குணமடைந்துவிட்டார் என்று ஹெபர்டன் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு நூற்றைம்பது வருஷம் புத்தகத்திலேயே தூங்கிற்று.

நாற்காலி செய்த புரட்சி

பாஸ்டன் நகரில் ஸாமுவேல் லெவின் என்ற டாக்டர் இருந்தார். படுக்கையில் கிடத்துவது நோயாளிக்கு நன்மை செய்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் பிறந்தது. படுத்தே கிடப்பவருடைய கால்களில் ரத்தம் உறைந்து, அந்த உறைவு நுரையீரலுக்குப் போய் அடைத்து மரணம் நேருவதை அவர் கண்டார். மேலும், கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் ரத்தத்தில் ஒரு பகுதி கால்களில் தங்கி, இருதயத்துக்கு வந்து சேரும் சுமை குறையும் என்று யோசித்தார். தம் சிஷ்யர் பெர்னார்ட் லவுனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நோய் கண்ட சில தினங்களுக்குள்ளேயே நோயாளிகளைத் தூக்கிச் சாய்வு நாற்காலியில் உட்கார்த்தினார். 81 பேரை இப்படிச் சிகிச்சை செய்து 1952-ல் விவரத்தைப் பிரசுரித்தார்கள். பயந்ததுபோல் எந்த இருதயமும் கிழியவில்லை. நோயாளிகளோ, "நான் சாகப் போகிறவனல்ல, உட்கார வைத்துவிட்டார்களே!" என்று தைரியம் கொண்டார்கள்.

மூன்று வருஷம் கழிந்து உலகமே கவனிக்கும்படியான ஒரு பரீட்சை வந்தது. 1955 செப்டம்பர் 24-ந் தேதி அதிகாலையில், டென்வர் நகரில் தங்கியிருந்த அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. பாஸ்டனிலிருந்து டாக்டர் பால் டட்லி ஒயிட் வரவழைக்கப்பட்டார். அவர் பத்திரிகை நிருபர்களைக் கூட்டி ஜனாதிபதியின் நிலையை ஒளிவு மறைவின்றிச் சொன்னார். மாரடைப்பு வந்தவர் படிப்படியாகத் தம் வேலைக்குத் திரும்பலாம், திரும்ப வேண்டும் என்பது ஒயிட்டின் உறுதியான கொள்கை. அவரே ஓயாமல் நடப்பவர், சைக்கிள் விடுபவர். ஏழு வாரம் கழித்து ஐஸன்ஹோவர் ஆஸ்பத்திரியை விட்டு நடந்தே வெளியேறினார். மறு வருஷம் தேர்தலில் நின்று வெற்றியும் பெற்றார். 1969 வரையில் ஜீவித்திருந்தார். அவர் வேலைக்குத் திரும்பிய செய்தி, உலகெங்கும் வீட்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்த எத்தனையோ நோயாளிகளுக்கு மருந்தாயிற்று.

படுக்கை எவ்வளவு கொடியது என்பதை 1966-ல் டல்லாஸ் நகரில் நடந்த ஒரு சோதனை காட்டிற்று. இருபது வயது நிரம்பிய திடகாத்திரமான ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். எழுந்தபோது அவர்களுடைய தேகம் பிராண வாயுவை உபயோகிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பிறகு அப்பியாசம் செய்து மீட்டுக்கொண்டார்கள். வேடிக்கை இனிமேல்தான். முப்பது வருஷம் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். முப்பது வருஷ மூப்பு செய்த நஷ்டத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த நஷ்டமே அதிகமாக இருந்தது! இருபது வயது வாலிபனுக்கே இந்தக் கதி என்றால், அடிபட்ட இருதயத்தோடு படுத்திருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் சிக்கல் இல்லாத நோயாளிகளைச் சீக்கிரமே உட்கார வைத்து, ஓரிரு நாளில் நடக்கவும் வைக்கிறார்கள். அடைபட்ட குழாயைத் திறந்து சிறு கம்பிவலைக் குழல் வைக்கும் சிகிச்சை வந்த பிறகு, பலர் சில நாட்களிலேயே வீடு திரும்புகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் அப்பியாசத்தின் பலனையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 23,000-க்கு மேற்பட்ட இருதய நோயாளிகளைக் கொண்டு நடந்த 85 பரீட்சைகளின் முடிவுகளை 2021-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, முறையாக அப்பியாசம் செய்தவர்களுக்கு இருதய நோயினால் மரணமும், மறுபடி மாரடைப்பும், ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அவசியமும் குறைந்திருந்தன.

நடப்பதில் உள்ள முறை

நடையின் மகிமையை இந்த நாட்டுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1930-ல் அறுபது வயது நிரம்பிய மகாத்மா காந்தி, ஸபர்மதியிலிருந்து தண்டி வரையில் சுமார் 240 மைலை 24 நாட்களில் நடந்தே கடந்து ஒரு சாம்ராஜ்யத்தை அசைத்தார். ஆனால் இருதய நோயாளியின் தண்டி யாத்திரை கூடத்திலிருந்து வாசல் திண்ணை வரையில்தான் தொடங்க வேண்டும்.

முதலில் டாக்டரின் அனுமதி. எல்லாருடைய நிலையும் ஒன்றல்ல. இருதயம் எவ்வளவு பலத்தோடு இயங்குகிறது, துடிப்பில் ஒழுங்கு இருக்கிறதா, வேறு குழாய்களில் அடைப்பு உண்டா என்று பார்த்து அவர் அளவு சொல்வார். தேவையானால் ஓடும் பட்டை மேல் நடக்கச் செய்து பரிசோதிப்பார். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே அப்பியாச வகுப்புகள் நடக்கின்றன. கிடைக்குமானால் அவற்றில் சேர்வதே உத்தமம்.

சாதாரணமாகச் சொல்லும் முறை இது: சம தரையில் ஐந்து நிமிஷம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. உபத்திரவம் இல்லையென்றால் ஒன்றிரண்டு நிமிஷமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆறு வாரத்துக்குள் அநேகர் ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்கும் நிலையை அடைகிறார்கள். பிறகு வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி வீதம், ஆக 150 நிமிஷம் நடந்தால் போதுமானது. தொடக்கத்தில் ஐந்து நிமிஷமும் முடிவில் ஐந்து நிமிஷமும் மெதுவாக நடக்க வேண்டும். வேகமாக நடந்துவிட்டு டக்கென்று நின்றால் தலை சுற்றும்.

எவ்வளவு வேகம்? இதற்குக் கடிகாரமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். இருதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நாடியை எண்ணுவதும் சரியாக வராது. கூட வருகிறவரோடு தொடர்ந்து பேசிக்கொண்டே போக முடிந்தால் வேகம் சரி. ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் எட்டி நடக்கலாம். ஆகையால் துணைவியையும் உடன் அழைத்துக்கொண்டு போவது இரட்டை லாபம். அவளுடைய இருதயமும் பலப்படும், அவளுடைய பயமும் தெளியும்.

சாப்பிட்டவுடன் நடக்கக் கூடாது. ஒரு மணி நேரமாவது போக வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நடப்பது வீரம் அல்ல. ஜலம் நிறைந்த குடத்தைத் தூக்குவது, கனத்த பீரோவைத் தள்ளுவது முதலிய மூச்சைப் பிடித்துச் செய்யும் வேலைகளை ஆரம்ப வாரங்களில் தொடக் கூடாது. மார்பைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எலும்பு சேரும்வரை, டாக்டர் சொல்லும் காலம் வரையில், பளு தூக்கலாகாது. தாம்பத்தியத்தைப் பற்றிப் பலர் கேட்கக் கூசி மனத்துக்குள்ளேயே மருகுகிறார்கள். இரண்டு மாடிப்படிக் கட்டுகளை நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ இல்லாமல் ஏற முடிந்தவருக்குப் பொதுவாக அதில் பயமில்லை. டாக்டரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம்.

நடக்கும்போது நெஞ்சில் வலியோ பாரமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வேதனையோ, குளிர்ந்த வியர்வையோ, மயக்கமோ, படபடப்போ கண்டால் அக்கணமே நின்று உட்கார வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும்படி டாக்டர் கொடுத்த மாத்திரை இருந்தால் அவர் சொன்னபடி உபயோகிக்க வேண்டும். சில நிமிஷங்களில் வலி தணியாவிட்டால், "இது வாயுவாக இருக்கும்" என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிராமல் 108-க்கு டெலிபோன் செய்ய வேண்டும். மாரடைப்பில் போகும் ஒவ்வொரு நிமிஷமும் தசை மடியும் நிமிஷம்.

யோகாசனத்தைப் பற்றியும் கேட்பார்கள். நம் நாட்டிலேயே 24 ஆஸ்பத்திரிகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு எளிய ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியும் தியானமும் பன்னிரண்டு வாரத்தில் கற்றுக் கொடுக்கப்பட்டன. 2020-ல் வெளியான முடிவு நேர்மையானது. மரணமும் மறு மாரடைப்பும் குறைந்ததாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் யோகம் பயின்றவர்கள் தங்கள் உடல் நலம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள். பழைய வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள். அப்பியாச வகுப்பு இல்லாத ஊர்களில் இதுவும் ஒரு நல்ல வழிதான். சிரசாசனம் முதலிய கடினமான ஆசனங்கள் மட்டும் வேண்டாம்.

புட்டிகளின் கதை

இனி ஜன்னல் ஓரத்துக்கு வருவோம். புட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் தங்க நிறக் காகிதங்களில் இருதயத்தின் படம் போட்டிருக்கிறது. ஆனால் படம் போட்டால் பலன் வந்துவிடுமா?

முதலில் வைட்டமின்கள். பிரிட்டனில் 20,536 பேரை ஐந்து வருஷம் கவனித்த ஒரு பெரிய பரீட்சை 2002-ல் முடிவைச் சொல்லிற்று. அவர்கள் இருதய நோயோ, சர்க்கரை வியாதியோ, வேறு ரத்தக் குழாய் நோயோ உள்ளவர்கள். பாதிப் பேருக்கு ஈ, சி வைட்டமின்களும் பீட்டா கரோட்டீனும் சேர்ந்த மாத்திரை. மற்றப் பாதிப் பேருக்கு ஒன்றுமில்லாத வெறும் மாத்திரை. ஐந்து வருஷ முடிவில் இரு சாராருக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் அதே பரீட்சையில், அதே மனிதர்களிடம், கொழுப்பைக் குறைக்கும் ஸிம்வாஸ்டாடின் என்ற சாதாரண மருந்தையும் சோதித்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை சுமார் நாலில் ஒரு பங்கு குறைந்தன. ஒரே பந்தியில் உட்கார்ந்த இருவரில் ஒருவர் உழைத்தார், மற்றவர் சாப்பிட்டுவிட்டுப் போனார் என்பது போலாயிற்று.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த பரீட்சையில், பீட்டா கரோட்டீன் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதில் 18 சதவிகிதம் அதிகமாயிற்று. இது வெளியான வருஷம் 1994. காரட்டில் இருக்கும்போது சாதுவாக இருந்த வஸ்து புட்டியில் ஏறியதும் வேறு குணம் காட்டிவிட்டது.

நார்வே தேசத்தில் 3,749 மாரடைப்பு நோயாளிகளுக்கு ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்திலுள்ள ஹோமோஸிஸ்டீன் என்ற வஸ்துவைக் குறைத்தால் இருதயம் பிழைக்கும் என்பது எண்ணம். அது குறைந்தது. ஆனால் 2006-ல் முடிவைப் பார்த்தால், மாரடைப்பு குறையவில்லை. சோதனைச் சீட்டில் எண் மாறிற்று. மனிதனின் விதி மாறவில்லை.

மீன் எண்ணெயின் கதை கொஞ்சம் ருசிகரமானது. இத்தாலியில் மாரடைப்பு வந்து மூன்று மாதத்துக்குள் இருந்த 11,324 பேருக்குத் தினம் ஒரு கிராம் அளவில் ஒமேகா-3 மாத்திரை கொடுத்தார்கள். 1999-ல் வெளியான முடிவின்படி மரணங்கள் குறைந்தன. உலகமே மீன் எண்ணெய் வாங்க ஓடிற்று. பத்து வருஷம் கழித்து ஹாலந்தில் 4,837 மாரடைப்பு நோயாளிகளுக்கு அதே சத்தைச் செயற்கை வெண்ணெயில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவில் பலன் காணவில்லை. இடையில் நடந்தது என்ன? நல்ல மருந்துகள் எல்லா நோயாளிகளுக்கும் கிடைக்கத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கு மேல் மீன் எண்ணெய் செய்வதற்கு மிச்ச வேலை இருக்கவில்லை என்று பலர் கருதுகிறார்கள். டிரைகிளிஸரைட் என்ற கொழுப்பு மிகுந்த சிலருக்கு டாக்டர்கள் சுத்தமான ஒரு வகையை அதிக அளவில் மருந்தாகக் கொடுப்பதுண்டு. அது வேறு விஷயம். கடையில் தானாக வாங்கி அளவு மீறிச் சாப்பிட்டால் இருதயத் துடிப்பின் ஒழுங்கு கெடவும் இடமுண்டு.

கோஎன்ஸைம் க்யூ-10 என்ற மாத்திரைக்கும் நல்ல பெயர் உண்டு. 2014-ல் வெளியான ஒரு பரீட்சையில் நன்மை தெரிந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் 420 பேர். அதுவும் இருதயம் பலவீனமுற்ற நிலையில் இருந்தவர்கள். மாரடைப்பிலிருந்து தேறும் எல்லாருக்கும் அது வேண்டும் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

நாட்டு மருந்தும் எச்சரிக்கையும்

அந்நியப் புட்டிகளைச் சந்தேகிக்கச் சொல்லிவிட்டு நம் நாட்டுச் சரக்கென்றால் கண்ணை மூடிக்கொள்வது நியாயமாகாது. மருத மரப்பட்டை இருதயத்துக்கு உகந்தது என்று ஆயுர்வேதம் நெடுங்காலமாகச் சொல்கிறது. சிறிய அளவில் நடந்த சில பரிசோதனைகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்து, மரணத்தைக் குறைக்கிறது என்று நிரூபித்தாகவில்லை. இதை நன்கு சோதிக்க வேண்டியது நம் தேசத்து விஞ்ஞானிகளின் கடமை. அதுவரையில் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இதை நம்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

அதிமதுரம் இனிப்பானது. ஆனால் தினமும் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, ரத்தத்திலுள்ள பொட்டாஸியத்தை இறக்கும். இருதய நோயாளிக்கு அது ஆகாது. ரசத்தில் போடும் பூண்டால் தொந்தரவில்லை. பூண்டுச் சத்தை மாத்திரையாக்கிச் சாப்பிட்டால், ரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் மருந்தோடு சேர்ந்து ரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடும். வார்பரின் என்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் கீரையை ஒரு நாள் மலையாகவும் ஒரு நாள் சூனியமாகவும் சாப்பிடாமல் தினமும் ஒரே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். "இருதயத்துக்கு நல்லது" என்று விற்கும் மாற்று உப்பில் பொட்டாஸியம் சேர்ந்திருக்கும். சில ரத்த அழுத்த மருந்துகளோடு அது சேர்ந்தால் ஆபத்து. எனவே டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஜன்னல் ஓரத்துப் புட்டிகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். லேகியத்தையும் மறக்க வேண்டாம். ரத்தத்தைச் சோதித்து, இரும்புச் சத்தோ பி-12 வைட்டமினோ குறைவு என்று தெரிந்தால் அவரே எழுதிக் கொடுப்பார். குறைந்ததை நிரப்புவது சிகிச்சை. நிறைந்ததன் மேல் ஊற்றுவது விரயம்.

சத்து இருக்கும் இடம்

அப்படியானால் ஆகாரத்தினால் நன்மையே இல்லையா? உண்டு. அது புட்டியில் இல்லை, அடுப்பங்கரையில் இருக்கிறது. பிரான்சு தேசத்து லியான் நகரில் மாரடைப்பு வந்த 605 பேரில் ஒரு பாதிப் பேருக்குக் காய்கறி, பழம், தானியம், மீன் அதிகமாகவும் மாமிசம் குறைவாகவும், வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயும் உள்ள உணவை ஏற்பாடு செய்தார்கள். அவர்களிடையே மறு மாரடைப்பும் மரணமும் பெரிதும் குறைந்தன என்று 1994-ல் வெளியிட்டார்கள்.

நம் வீட்டில் இதை நடத்த அந்நிய தேசத்துப் பண்டம் எதுவும் வேண்டாம். கீரை, அவரை, வெண்டை, கொய்யா, பயறு, ஒரு பிடி வேர்க்கடலை இருக்கின்றன. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தியும் அயிலையும் எந்த மாத்திரைக்கும் சளைத்தவை அல்ல. வாரம் இரண்டு முறை, பொரிக்காமல் குழம்பாக. சைவர்களுக்கு ஆளி விதை உண்டு. சோற்றின் அளவைக் குறைத்துக் காயின் அளவைக் கூட்ட வேண்டும். நெய்யும், தேங்காயும், காய்ந்த எண்ணெயில் மறுபடி பொரித்த பலகாரமும் அளவோடு. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகிய மூன்று சிநேகிதர்களுக்கும் பெரும்பாலும் விடை கொடுத்துவிட வேண்டியதுதான். புகையிலைக்கோ, எந்த ரூபத்திலும், நிரந்தர விடை.

டாக்டர் கொடுத்த மருந்துகளை உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தவே கூடாது. உடம்பு தேறியதே அவற்றின் தயவினால்தான். புட்டிகளுக்குச் செலவு செய்து மருந்துக்குப் பணம் போதவில்லை என்று சொல்லும் நிலை வந்தால், எதை விட வேண்டும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இப்போது அந்த வீட்டுக்கு மறுபடி போவோம். கூடத்துக் கட்டிலில் அவர் படுத்திருக்கிறார். அவர் மனத்தில் ஓடுவது வலியைப் பற்றிய எண்ணம் அல்ல. "இனி நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம். மனைவி தம்ளரைப் பறிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணம் உறுதிப்படுகிறது. மாரடைப்பு தசையில் ஏற்படுத்திய தழும்பு ஆறு வாரத்தில் ஆறிவிடும். மனத்தில் ஏற்பட்ட இந்தத் தழும்பை ஆற்றுவதற்குக் கடையில் மாத்திரை இல்லை.

அம்மா, நாளைக்குக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன், டாக்டர் சம்மதித்த அளவுக்கு, அவருடைய செருப்பை எடுத்து வாசலில் வையுங்கள். நீங்களும் உங்கள் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். தெருக்கோடி வேப்பமரம் வரையில் பேசிக்கொண்டே மெதுவாகப் போய்த் திரும்புங்கள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு வீடு தள்ளிப் போகலாம். வழியில் எதிர்ப்படுகிறவர்கள், "இவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட்டாரா!" என்று அதிசயிப்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் இருக்கும் டானிக் ஜன்னல் ஓரத்துப் புட்டிகள் எதிலும் இல்லை.